குழந்தை சொல்லாது, நாம்தான் பார்க்க வேண்டும்

(நம் சங்க அங்கத்தினர்களின் நாக்பூர் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி என்னைப் பேச அழைத்தபோது, "டாக்டர் மாமா, காட்ராக்ட் பற்றிப் பேசுங்கோ, நிறைய பேருக்குப் பிரயோஜனமா இருக்கும்" என்றார். இங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் காட்ராக்ட் விஷயத்தில் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காலையில் பேப்பர் எழுத்து மங்கினால் அன்று சாயங்காலமே பிள்ளையிடம் சொல்லி விடுகிறோம். சொல்ல மறந்தாலும், ஆறு மாதம் தள்ளிப் போட்டாலும், ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்துவிட்டால் பெரும்பாலும் பார்வை திரும்பி விடுகிறது.

நான் இன்று பேச விரும்புவது சொல்லத் தெரியாதவர்களைப் பற்றி. நம் பேரன் பேத்திகளைப் பற்றி. அவர்கள் விஷயத்தில் ஆறு மாதம் தள்ளிப் போட்டால், சில சமயம் அந்த ஆறு மாதத்தை எந்த டாக்டராலும் திருப்பித் தர முடியாது. பார்வை குறைந்த குழந்தையை யாரிடம், எப்போது அனுப்ப வேண்டும், அனுப்பிய பிறகு நாம் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு அமர்ந்து விடுகிறேன்.

குழந்தை ஏன் சொல்வதில்லை?

நமக்கு முன்பு நன்றாகத் தெரிந்தது, இப்போது மங்குகிறது. அந்த வித்தியாசம் நமக்குத் தெரிகிறது. குழந்தைக்கு அப்படி இல்லை. பிறந்ததிலிருந்தே மங்கலாகத் தெரிந்தால், உலகமே அப்படித்தான் இருக்கிறது என்று அது நினைத்துக்கொள்கிறது. ஒரு கண் மட்டும் மங்கலாக இருந்தால் இன்னும் மோசம். மற்றக் கண் எல்லா வேலையையும் செய்துவிடுவதால் யாருக்கும் சந்தேகமே வராது.

நான் பிராக்டீஸ் செய்த நாட்களில் ஏழு வயதுப் பையன் ஒருவனை அழைத்து வந்தார்கள். வகுப்பில் முதல் மாணவன். ஸ்லோகங்கள் மளமளவென்று சொல்வான். கண்ணாமூச்சி ஆடும்போது வலது கண்ணை மட்டும் கையால் மூடிக்கொண்டு, "பாட்டி, எனக்கு உன்னைத் தெரியலையே" என்றிருக்கிறான். முதலில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவனுடைய தாத்தா மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை மூடச் சொல்லிப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வலது கண்ணில் 6/6. இடது கண்ணில் 6/60. அதாவது சாதாரணக் கண்ணுக்கு அறுபது மீட்டர் தூரத்தில் தெரியும் எழுத்து, அவனுடைய இடது கண்ணுக்கு ஆறு மீட்டருக்கு வந்தால்தான் தெரிந்தது. ஒற்றைக் கண்ணால் படித்தே முதல் மாணவனாக இருந்திருக்கிறான்.

இதற்குக் காரணம் என்ன? கண் என்பது காமிரா மாதிரி. அது எடுக்கும் படம் மூளைக்குப் போனால்தான் பார்வை. குழந்தை பிறக்கும்போது மூளையில் பார்வைக்கான பகுதி முழுமையாகத் தயாராகி இருப்பதில்லை. முதல் ஏழெட்டு வருஷங்களில், இரண்டு கண்களிலிருந்தும் தெளிவான படங்கள் வந்துகொண்டே இருந்தால்தான் அது சரியாக உருவாகும். ஒரு கண்ணிலிருந்து மங்கலான படமே வந்தால், மூளை அந்தக் கண்ணை ஒதுக்க ஆரம்பித்து விடும்.

1960-களில் டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார்கள். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில காலம் மூடி வைத்து, பிறகு திறந்து பார்த்தார்கள். கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. ஆனால் மூளை அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லவில்லை. வளர்ந்த பூனைக்கு இதே போலச் செய்தபோது அந்தப் பாதிப்பு வரவில்லை. பார்வை பற்றிய ஆராய்ச்சிகளுக்காக இவர்களுக்கு 1981-ல் நோபல் பரிசு கிடைத்தது. குழந்தைகளின் கண் வைத்தியத்தில் அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதுதான் ஆதாரம்.

இப்படி ஒதுக்கப்பட்ட கண்ணை ஆம்ப்ளியோபியா என்று சொல்கிறோம். பேச்சு வழக்கில் சோம்பேறிக் கண். உண்மையில் சோம்பேறித்தனம் கண்ணுக்கும் இல்லை, குழந்தைக்கும் இல்லை. மாறுகண், இரண்டு கண்களுக்கும் இடையே பவர் வித்தியாசம், பிறவியிலேயே வரும் காட்ராக்ட், இமை தொங்குதல் இவைதான் முக்கியக் காரணங்கள். சிறு வயதில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் கண்ணாடியும் நல்ல கண்ணை மூடும் பட்டையும் போதும். பெரியவனான பிறகு கண்டுபிடித்தால், கண்ணாடி போட்டாலும் அந்தக் கண் தெளிவாகப் பார்ப்பதில்லை.

நம் வீடுகளில் தவறாகப் புரிந்துகொள்ளும் அடையாளங்கள்

முதலாவது மாறுகண். "லேசா மாறுகண் இருந்தா அதிர்ஷ்டம்" என்று நம்மவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. பிறந்த மூன்று நான்கு மாதம் வரை குழந்தையின் கண் எப்போதாவது ஒரு பக்கம் ஒதுங்கி, தானே சரியாவது சகஜம். அதற்குப் பிறகும் ஒதுங்கினாலோ, எந்த வயதிலும் ஒரே கண் எப்போதும் ஒதுங்கியே இருந்தாலோ அதில் அதிர்ஷ்டம் ஒன்றும் இல்லை. "வளர வளர சரியாயிடும்" என்று காத்திருக்கவும் கூடாது. சில குழந்தைகளுக்கு மூக்குத்தண்டு அகலமாக இருப்பதால் மாறுகண் போலத் தோன்றும், உண்மையில் இருக்காது. ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர். பாட்டியும் பக்கத்து வீட்டு மாமியும் தீர்மானிக்க வேண்டாம்.

இரண்டாவது, பெரிய கண்கள். "என் பேத்திக்கு என்ன பெரிய கண் பாருங்கோ" என்று பெருமைப்படுகிறோம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வெறும் அழகுதான். ஆனால் பெரிய கண்ணோடு, நீர் வழிந்துகொண்டே இருப்பதும், வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், கருவிழி மங்கலாக, சாம்பல் பூத்தது போல இருப்பதும் சேர்ந்தால் அது பிறவிக் க்ளூகோமாவாக இருக்கலாம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறுவதால்தான் கண் பெரிதாகிறது. ஐந்து மாதக் குழந்தை ஒன்றை, கண்ணில் நீர் வருகிறது என்று மட்டும் சொல்லி என்னிடம் அழைத்து வந்தார்கள். அன்றே குழந்தைகள் கண் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ஒரு கண்ணில் நல்ல பார்வை தங்கியது. இன்னொன்றில் ஓரளவுதான். அவர்கள் இரண்டு மாதம் முன்பு வந்திருக்கலாம். வராததற்குக் காரணம் அலட்சியம் இல்லை. அந்தக் கண்களை ஊரே புகழ்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது, இதுதான் மிக முக்கியம், கண்ணின் பாப்பாவில் வெள்ளையாக ஒரு பளபளப்பு. இருட்டில் பூனைக் கண் போல மின்னும். ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழும். சில சமயம் பக்கவாட்டில் பார்க்கும்போது நல்ல கண்ணிலும் இப்படி விழலாம். காட்ராக்டாகவும் இருக்கலாம். ஆனால் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோயாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருவது. நம் நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 1,500 குழந்தைகளுக்கு வருவதாக மதிப்பீடு. சீக்கிரம் கண்டுபிடிக்கும் பணக்கார நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து குழந்தைகளுக்கு மேல் பிழைத்துக்கொள்கிறார்கள். இங்கே தாமதமாக வருவதால்தான் உயிர்கள் போகின்றன. அதனால் வெள்ளைப் பளபளப்பைப் பார்த்தால் நல்ல நாள் பார்க்க வேண்டாம். அந்த வாரத்திலேயே நிபுணரிடம் போக வேண்டும். நோய் உறுதியானால் கூடப் பிறந்த குழந்தைகளையும் பரிசோதிக்க வேண்டும்.

நான்காவது, குறும்பு அல்லது மந்தம் என்று நாம் பெயர் சூட்டும் சில பழக்கங்கள். டி.வி.க்கு அருகில் போய் உட்காருவது, புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் படிப்பது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, கண்ணைச் சுருக்குவது, கரும்பலகையில் இருப்பதை எழுதாமல் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது. சாயங்காலம் ஆனால் தடுக்கி விழும் குழந்தை என்றால் விழித்திரை நோயாகவும் இருக்கலாம். நம் குடும்பங்களில் முன்பு மாமா, அத்தை வழியில் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்வது சகஜமாக இருந்தது. பரம்பரையாக வரும் விழித்திரை நோய்கள் சில இதனால் அதிகமாகத் தலைகாட்டும். டாக்டர் கேட்டால் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கண் நோய்க்குத் தாய்ப்பால் விடுவது, பூச்சாறு பிழிவது, விளக்கெண்ணெய் விடுவது இவை எதையும் தயவு செய்து செய்யாதீர்கள். கிருமி சேர்வதோடு, போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் நாட்களும் கழிந்து விடும்.

யாரிடம் அனுப்புவது?

நம் வழக்கம் என்ன? குழந்தைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்றால் கடைத்தெருவில் இருக்கும் கண்ணாடிக் கடைக்குப் போகிறோம். "கம்ப்யூட்டர் டெஸ்டிங் இலவசம்" என்று போர்டு இருக்கும். அரை மணியில் கண்ணாடி தயார்.

பெரியவர்களுக்கு இது ஓரளவு சரி. குழந்தைக்குப் போதாது. குழந்தையின் கண்ணுக்குள் இருக்கும் தசை மிகவும் வலுவானது. மெஷினுக்குள் பார்க்கும்போது அது இறுகிக்கொள்ளும். அதனால் இல்லாத மைனஸ் பவர் இருப்பதாக மெஷின் காட்டும். இருக்கும் ப்ளஸ் பவரை மறைத்தும் விடும். அந்தத் தசையைச் சற்று நேரம் ஓய்வில் வைக்க சொட்டு மருந்து விட்டுத்தான் பார்க்க வேண்டும். சைக்ளோபென்டோலேட், ஹோமட்ரோபின், அட்ரோபின் என்று வகைகள் உண்டு. சின்னக் குழந்தைகளுக்கு அட்ரோபின் களிம்பை மூன்று நாள் வீட்டிலேயே போட்டுக்கொண்டு வரச் சொல்வதும் உண்டு. முகம் சிவந்து ஜுரம் போலக் காய்ந்தால் நிறுத்திவிட்டு டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மருந்தைப் பொறுத்து ஒரு நாளிலிருந்து பத்து பதினைந்து நாள் வரை வெளிச்சம் கூசும், கிட்டப் பார்ப்பது மங்கும். அதற்குப் பயந்து சொட்டு மருந்து வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மருந்து விடாமல் சின்னக் குழந்தைக்கு முதல் கண்ணாடி எழுதிக் கொடுத்தால், "சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டாமா?" என்று நீங்களே கேளுங்கள்.

முதல் படி, உங்கள் குழந்தை டாக்டர் அல்லது ஊரில் உள்ள கண் டாக்டர். பவர் குறைபாடு மட்டும்தான் என்றால் அங்கேயே முடிந்து விடும். மாறுகண், கண்ணாடி போட்டும் சரியாகாத பார்வை, வெள்ளைப் பாப்பா, கண் ஆடிக்கொண்டே இருப்பது, குறைமாதத்தில் பிறந்த குழந்தை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிலிண்டர் பவர் ஏறிக்கொண்டே போகும் பெரிய பிள்ளை, இவர்களுக்கெல்லாம் அடுத்த படி அவசியம். குழந்தைகள் கண் மருத்துவம் தனிப் படிப்பாகவே இருக்கிறது.

பல ஊர்களில் நம் அங்கத்தினர்கள் இருக்கிறீர்கள். டில்லியில் எய்ம்ஸின் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மையம் 1967-லிருந்து இருக்கிறது. சண்டிகரில் பி.ஜி.ஐ., மதுரையில் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி ஆரம்பித்த அரவிந்த், சென்னையில் 1978-ல் டாக்டர் பத்ரிநாத் ஆரம்பித்த சங்கர நேத்ராலயா, ஹைதராபாத்தில் 1987-ல் தொடங்கிய எல்.வி. பிரசாத் ஆகியவற்றில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. எல்.வி. பிரசாத் புவனேஸ்வரிலும் விசாகப்பட்டினத்திலும் இருக்கிறது. அரவிந்தும் எல்.வி. பிரசாத்தும் வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாகவே பார்க்கிறார்கள். நம் வீட்டில் சமையல் செய்பவர், வாட்ச்மேன், டிரைவர் இவர்களின் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு விஷயம். 2013 பிப்ரவரியில் நம் மகாராஷ்டிரத்தின் பால்கரில் ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டம் தொடங்கியது. அதன் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பார்த்து, குறை இருந்தால் மாவட்ட மையத்துக்கு அனுப்புகிறார்கள். நம் குழந்தைகள் பெரும்பாலும் தனியார் பள்ளிகளில் படிப்பதால் அந்தக் குழு நம்மிடம் வருவதில்லை. தனியார் பள்ளியில் வருஷம் ஒரு முறை "ஹெல்த் செக்கப்" என்று நடப்பதில், இரண்டு கண்ணையும் திறந்தபடியே சார்ட்டைப் படிக்கச் சொல்லி அனுப்பி விடுவதும் உண்டு. முன்னால் நிற்பவன் படித்ததைக் கேட்டே பின்னால் நிற்பவன் ஒப்பித்து விடுவான். பள்ளிக்கூடத்துச் சீட்டில் "நார்மல்" என்று இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

எப்போது?

இதை எழுதிக்கொள்ளுங்கள்.

குறைமாதக் குழந்தை: 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, பிறந்தபோது எடை 2 கிலோவுக்குக் குறைவாக இருந்தாலோ, பிறந்து நான்கு வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் அல்லது 1,200 கிராமுக்குக் குறைவு என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோய் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சிகிச்சைக்குக் கிடைக்கும் அவகாசமோ மிகவும் குறைவு. 1996-ல் சென்னையில் 29-வது வாரத்தில் 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோருக்கு யாரும் சொல்லவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. 2015 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சுமார் 1.8 கோடி ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கத் தீர்ப்பளித்தது. பணம் வந்தது. பார்வை வரவில்லை. ஒரே ஒரு வாக்கியம், "கண்ணைக் காட்டுங்கள்" என்ற வாக்கியம், சொல்லப்படாததன் விலை அது. உங்கள் வீட்டில் இரட்டைக் குழந்தைகளோ குறைமாதக் குழந்தையோ இருந்தால், டிஸ்சார்ஜ் ஆகும்போது தாத்தா பாட்டியாவது இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

மூன்று மாதம்: குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும், பொம்மையை அசைத்தால் கண்ணால் தொடர வேண்டும். இல்லையென்றால் டாக்டர். பிறவிக் காட்ராக்ட் பார்வையை மறைத்தால் பிறந்த ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் ஆபரேஷன் நடப்பதே நல்லது. "ஒரு வயசாகட்டும்" என்று யாராவது சொன்னால் உடனே இன்னொரு நிபுணரைப் பாருங்கள்.

மூன்று முதல் ஐந்து வயதுக்குள்: ஒரு குறையும் தெரியாவிட்டாலும் ஒரு தடவை, ஒவ்வொரு கண்ணாகப் பரிசோதனை. அமெரிக்காவில் தடுப்பு மருத்துவத்துக்கான நிபுணர் குழுவும் 2017-ல் இந்த வயதில் குறைந்தது ஒரு முறை என்றே சொன்னது. எழுத்து தெரியாவிட்டாலும் படம் காட்டிப் பார்க்கலாம். நான்கு வயதில் 6/12 வரியாவது, ஐந்து வயதுக்கு மேல் 6/9 வரியாவது படிக்க வேண்டும். இரண்டு கண்களுக்கும் இடையே இரண்டு வரி வித்தியாசம் இருந்தாலும் அனுப்ப வேண்டும்.

வீட்டிலேயே செய்யக் கூடியது ஒன்று உண்டு. குழந்தை விளையாடும்போது ஒரு கண்ணை உள்ளங்கையால் மெதுவாக மூடுங்கள். பிறகு மற்றக் கண்ணை. ஒன்றை மூடினால் சும்மா இருந்து, மற்றதை மூடினால் மட்டும் அழுது கையைத் தட்டிவிட்டால், அது மூட விடாத கண்தான் பார்க்கும் கண். மற்றதில் குறை இருக்கலாம். செலவில்லாத பரிசோதனை. தாத்தா பாட்டிகளுக்கே ஏற்றது.

ஏழு வயது தாண்டிவிட்டதே என்று யாரும் மனம் தளர வேண்டாம். 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 7 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்குக் கண்ணாடியோடு பட்டையும் சொட்டு மருந்தும் சேர்த்துக் கொடுத்தபோது பாதிப் பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. கண்ணாடி மட்டும் கொடுத்தபோது கால்வாசிப் பேருக்குத்தான். முன்பே சொன்ன அந்த முதல் மாணவன் ஒன்றரை வருஷத்தில் 6/60-லிருந்து 6/12-க்கு வந்தான். நான்கு வயதில் வந்திருந்தால் இன்னும் முன்னேறியிருப்பான் என்பதே என் அபிப்பிராயம்.

அனுப்பிய பிறகு

நான் பார்த்த வரை, சிகிச்சை தோற்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இல்லை. வீட்டில்தான்.

நல்ல கண்ணுக்குப் பட்டை ஒட்டச் சொல்கிறோம். குழந்தை அழுகிறது. நல்ல கண்ணை மூடினால் அதற்கு ஒன்றும் சரியாகத் தெரியாதே, அழத்தான் செய்யும். அம்மா ஆபீஸ் போனதும் பாட்டி, "பாவம்டா கொழந்தை, இன்னிக்கு ஒரு நாள் போறும்" என்று பிய்த்து விடுகிறாள். அன்பினால்தான் செய்கிறாள். ஆனால் பாட்டி அப்படி ஒரு நாள் ஒரு நாளாக விட்டுக்கொடுப்பது குழந்தையின் பார்வையை. மிதமான குறைக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஒட்டினாலும் இரண்டு மணி நேரம் ஒட்டினாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 2003-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அந்த இரண்டு மணி நேரம் கதை சொல்லுங்கள், பல்லாங்குழி ஆடுங்கள், கோலத்துக்குப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். கிட்டப் பார்க்கும் வேலை கொடுப்பது நல்லதுதான். பட்டையே ஒட்டவிடாத குழந்தைக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் விடும் வழியும் உண்டு. எது வேண்டும், எத்தனை நேரம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

அடுத்தது கண்ணாடி. "பொண் கொழந்தைக்கு இப்பவே கண்ணாடியா? நாளைக்கு ஒரு எடத்துல கேட்டா என்ன சொல்றது?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அதற்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான். இப்போது கண்ணாடி போட்டால் பின்னால் இரண்டு கண்ணும் இருக்கும். இப்போது போடாவிட்டால், பின்னால் அவள் கண்ணாடி போட்டாலும் ஒரு கண் தெளியாது. ராணுவம், விமானம் ஓட்டுவது, ரயில் எஞ்சின் ஓட்டுவது போன்ற வேலைகளுக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருக்க வேண்டும். நல்ல கண்ணுக்கு என்றைக்காவது அடிபட்டால் கைகொடுக்கவும் இன்னொரு கண் வேண்டும்.

மூன்றாவது, நம்மவர்களுக்கே உரிய பிரச்னை. மாற்றல். பாங்க், ரயில்வே, மத்திய அரசு என்று மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர். வதோதராவில் ஐந்து வயதுப் பெண்ணுக்குச் சிகிச்சை ஆரம்பித்து 6/36-லிருந்து 6/18 வரை வந்துவிட்டது. அப்பாவுக்கு மாற்றல். புது ஊரில் வீடு, ஸ்கூல் அட்மிஷன், காஸ் கனெக்‌ஷன் என்று அலைந்ததில் கண் விஷயம் பின்னுக்குப் போய்விட்டது. ஒன்றரை வருஷம் கழித்து நாக்பூருக்கு வந்தபோது மறுபடியும் 6/36. ஃபைல் பெட்டியில் எங்கேயோ இருந்தது. ஆரம்பத்திலிருந்து தொடங்கினோம். பலன் வந்தது. ஆனால் அந்தக் குழந்தை இரண்டு மடங்கு கஷ்டப்பட்டது.

ஆகவே ஊர் மாறும் முன் டாக்டரிடம் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். நோயின் பெயர், ஒவ்வொரு கண்ணின் பார்வை, சொட்டு மருந்து விட்டு எடுத்த பவர், கொடுத்த சிகிச்சை, அடுத்து பார்க்க வேண்டிய தேதி இந்த ஐந்தும் அதில் இருக்க வேண்டும். பள்ளி டி.சி.யோடு அதையும் ஒரே கவரில் வையுங்கள்.

பார்வை முழுதாகத் திரும்பாவிட்டால்

எல்லாக் கண்ணையும் சரி செய்ய முடியாது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். "இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்று ஒருவர் சொன்னால், சிகிச்சை முடிந்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அனுப்ப வேண்டிய இடம் இன்னொன்று இருக்கிறது. குறைபார்வைப் பிரிவு, லோ விஷன் கிளினிக் என்பார்கள். பூதக்கண்ணாடிகள், கரும்பலகையைப் பார்க்கச் சின்ன டெலஸ்கோப், பெரிய எழுத்துப் புத்தகம், திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் கம்ப்யூட்டர் மென்பொருள் எல்லாம் அங்கே பழக்கித் தருவார்கள். பிறவியிலேயே கண் ஆடும் பையன் ஒருவனை எட்டு வயதில் அப்படி அனுப்பினேன். முதல் பெஞ்சும் ஒரு சின்ன டெலஸ்கோப்பும்தான் அவனுக்குத் தேவையாக இருந்தன. இப்போது சொந்தக் காலில் நின்று வேலை பார்க்கிறான்.

2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, குறைபாடு 40 சதவிகிதமோ அதற்கு மேலோ என்று சான்றிதழ் பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. பரீட்சையில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள் போன்ற சலுகைகளும் உண்டு. சான்றிதழ் வாங்குவதை அவமானமாக நினைத்து, கெட்டிக்காரக் குழந்தையைப் பெயிலாக விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காகிதம் குழந்தைக்கு வழி திறக்கிறது. மூடி வைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

நாம் செய்யக் கூடியது

நமக்குப் பல ஊர்களில் அங்கத்தினர்கள் இருப்பதே பெரிய பலம். கல்யாணத்துக்குச் சமையல்காரர், உபநயனத்துக்குச் சாஸ்திரிகள் யார் என்று ஒரு போனில் விசாரித்துக்கொள்கிறோம். அதே போல ஒவ்வொரு ஊரிலும் ஒரு அங்கத்தினர், தம் ஊரில் குழந்தைகள் கண் மருத்துவரும் குறைபார்வைப் பிரிவும் எங்கே என்று தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். மாற்றலில் வரும் குடும்பம் அவரைக் கேட்டால் போதும். அடுத்த குடும்ப விழாவில் குழந்தைகளுக்கு மாறுவேடப் போட்டி வைக்கும்போது, பக்கத்து அறையில் ஒரு சார்ட்டை மாட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கவும் ஏற்பாடு செய்யலாம். நான் வந்து உட்காரத் தயார்.

கடைசியாகத் தாத்தா பாட்டிகளிடம் ஒரு விண்ணப்பம். குழந்தையோடு அதிக நேரம் இருப்பவர்கள் நீங்கள்தான். உங்களுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டால், பிள்ளையோ மாட்டுப்பெண்ணோ கோபித்துக்கொள்வார்கள் என்று பேசாமல் இருக்காதீர்கள். "டாக்டர் ஒண்ணும் இல்லேன்னு சொல்லட்டும், சந்தோஷமாத் திரும்பி வரலாம்" என்று சொல்லி அழைத்துப் போங்கள். ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போனவர்களைப் பார்த்து எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.